கல்கத்தா லாட்டரிகள்: வாசகர் கேள்வி, நம் பதில்

கல்கத்தா டவுன் ஹால் லாட்டரிப் பணத்தில் எழுந்த கட்டடம் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை இந்தப் பகுதி முழுவதும் அந்த ஊர், அந்தக் காலம், அந்த லாட்டரிகள் பற்றித்தான்.

கம்பெனி சர்க்காரிடம் இல்லாத பணமா? ஒரு டவுன் ஹால் கட்ட லாட்டரி நடத்த வேண்டிய நிலையிலா இருந்தார்கள்?
– வாசகர், சேலம்

பணம் இருந்தது. ஊருக்குச் செலவழிக்க என்று இல்லை. 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்த வருமானம் சரக்கு வாங்கவும், படை நடத்தவும், லண்டனில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு லாபம் கொடுக்கவும் போய்க்கொண்டிருந்தது. கல்கத்தாவில் சாக்கடை நாறுகிறது, தெருவில் வண்டி போக வழியில்லை என்று லண்டனுக்கு எழுதினால் பதில் வர ஒரு வருஷம் ஆகும், அந்தப் பதிலும் பெரும்பாலும் செலவைக் குறையுங்கள் என்பதாகத்தான் இருக்கும். இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி ஒரு மாநகராட்சியும் அப்போது கிடையாது. 1794-லிருந்து ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற மாஜிஸ்திரேட்டுகள் வீட்டு வரி வசூலித்தார்கள். குப்பை அள்ளவும் காவலுக்கும் போக அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

லாட்டரி அவர்களுக்கு ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் தொடங்கியதே 1753-ல் நடத்திய லாட்டரிப் பணத்தில்தான், வெஸ்ட்மின்ஸ்டர் பாலமும் அப்படி எழுந்ததுதான். அந்தப் பழக்கத்தைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள். கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கு 1784-ல் அடிக்கல் நாட்டினார்கள். நிலம் மகாராஜா நபகிருஷ்ண தேவ் கொடுத்தது, கட்டடச் செலவில் ஒரு பங்கு லாட்டரியில் திரட்டியது. கோயில் கட்டவே குலுக்கல் நடத்தலாம் என்றால் டவுன் ஹாலுக்கு என்ன தயக்கம்? சுமார் 7 லட்சம் ரூபாயில் 1813-ல் அது எழுந்தது. கட்டியவர் ஜான் கார்ஸ்டின். பாட்னாவில் கோல்கர் என்று ஒரு பிரம்மாண்டமான தானியக் கிடங்கு நிற்கிறதே, அதைக் கட்டிய அதே ஆள்.

அரசாங்க லாட்டரி சரி. கடைக்காரர்கள், கைத்தொழில்காரர்கள் தங்கள் சரக்குக்கே லாட்டரி நடத்தினார்கள் என்று படித்தேன். நகைக்கடையில் வேலை பார்ப்பவன் என்பதால் கேட்கிறேன், விற்கிற பொருளை விற்காமல் எதற்குக் குலுக்கல்?
– வாசகர், கோவை

ரொம்ப நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1780-களின் கல்கத்தாவை மனதில் கொண்டுவாருங்கள். 1780 ஜனவரியில் ஹிக்கியின் பத்திரிகை வருகிறது, 1784-ல் கல்கத்தா கெஜட் வருகிறது, அச்சடித்த விளம்பரம் என்ற புதிய வசதி கிடைக்கிறது. ஊரில் வெள்ளைக்காரர்கள் சில ஆயிரம் பேர் இருந்தாலே அதிகம், அதிலும் பெரிய பணக்காரர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். இவர்களை நம்பி ஐரோப்பியச் சரக்குக் கடைகள், சாரட்டு வண்டிப் பட்டறைகள், கடிகாரக்காரர்கள், வெள்ளிச் சாமான் செய்பவர்கள், ஏலக்காரர்கள். கப்பல் வந்து சேர அஞ்சாறு மாதம் ஆகும். அந்தக் கப்பலின் கேப்டனும் அதிகாரிகளும் சொந்தக் கணக்கில் சரக்கு கொண்டுவருவார்கள். ஒரே பருவத்தில் நாலு கப்பல் வந்து எல்லாவற்றிலும் கண்ணாடிச் சாமானும் ஒயினும் இருந்தால் விலை அதலபாதாளத்துக்குப் போய்விடும். பிடித்து வைத்தால் மழைக்காலத்து ஈரமும் கறையானும் சும்மா விடாது.

அதைவிடப் பெரிய தொல்லை கடன். ஊரே கடனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. துரைமார் கையெழுத்துப் போட்டுப் பொருளை எடுத்துப் போவார்கள், பணம் எப்போது வரும் என்பது அவருக்குப் பதவி உயர்வு எப்போது, அவர் ஜுரத்தில் போகாமல் இருப்பாரா என்பதைப் பொறுத்தது. வெள்ளைக்காரக் கடைக்காரருக்கே அந்தக் கதி என்றால், அவருக்கு வட்டிக்குப் பணம் கொடுத்த வங்காளி பனியாவின் நிலைமையை யோசியுங்கள். பனியா என்றால் நம் சென்னைப் பட்டணத்துத் துபாஷி மாதிரி, துரைக்கு வியாபாரத்தையும் வரவுசெலவையும் பார்த்துக்கொடுப்பவர்.

இந்த நிலையில் விலை உயர்ந்த ஒரு பொருள், வைர நகையோ, தோட்டத்தோடு சேர்ந்த வீடோ, கையில் மாட்டிக்கொண்டால் முழு விலை கொடுத்து வாங்க ஒரே ஆள் கிடைப்பது கஷ்டம். ஏலத்தில் விட்டால் பாதி விலைக்குப் போகும். அங்கேதான் லாட்டரி கைகொடுத்தது. உதாரணத்துக்கு 20,000 ரூபாய் என்று மதிப்புப் போட்ட ஒரு வீட்டை 200 சீட்டாகப் பிரித்து, சீட்டு 100 ரூபாய் என்று வைத்தால், 20,000 கொடுக்க ஆளில்லாத ஊரில் 100 கொடுக்க 200 பேர் கிடைத்துவிடுவார்கள். திட்டத்தைப் பத்திரிகையில் போடுவார்கள்: என்ன பொருள், என்ன மதிப்பு, எத்தனை சீட்டு, பணத்தை யாரிடம் கட்டுவது. சீட்டெல்லாம் போன பிறகு குலுக்கல். ஒரு பாத்திரத்தில் எண்கள், இன்னொன்றில் பரிசுச் சீட்டும் வெற்றுச் சீட்டும். இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து ஊர் பார்க்கப் படிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, மதிப்புப் போடுவது விற்பவர்தான். சந்தையில் 14,000 பெறாத வீட்டை 20,000 என்று எழுதி விடலாம். சீட்டு வாங்குபவருக்கு அந்த வித்தியாசம் உறைக்காது, ஏனென்றால் அவர் 100 ரூபாயைத்தான் பார்க்கிறார். நகைக்கடையில் இருப்பவர் நீங்கள், பொருளின் மதிப்பும் அதற்கு ஒட்டிய விலைச்சீட்டும் எவ்வளவு தூரம் விலகலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனாலும் எல்லாக் கடைக்காரரையும் மோசடிக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. போதுமான பாங்கிகளும் சரியான கடன் சட்டமும் இல்லாத ஊரில், கையில் முடங்கிய முதலை மீட்க அவர்களுக்கு இருந்த வழிகளில் இது ஒன்று. கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் போட்ட காலம் அது.

ஏலக்காரர் என்றதும் ஒரு கதை. அதே செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கு 1787-ல் யோஹான் ஸோஃபனி என்ற ஓவியர் இயேசுவின் கடைசி இரா உணவைப் பெரிய படமாக வரைந்து கொடுத்தார். சீடர்களின் முகத்துக்கு ஊர்க்காரர்களையே மாதிரியாக வைத்துக்கொண்டார், அதில் யூதாஸின் முகம் டுல்லோ என்ற ஏலக்காரருடையது என்று இன்றுவரை சொல்கிறார்கள். ஏலக்காரரைப் பற்றி ஊருக்கு என்ன எண்ணம் இருந்தது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

குற்றாலம், பாபநாசம் அருவிகளை 200 வருஷத்துக்கு முன்பே வரைந்த டானியல்களுக்கும் லாட்டரிக்கும் தொடர்பு உண்டா? எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்.
– வாசகி, தென்காசி

அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தாமஸ் டானியலும் அண்ணன் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். தாமஸ் முதலில் கற்றது வண்டிகளுக்கு வர்ணம் பூசி, குடும்பச் சின்னம் வரைகிற தொழில். அதாவது பட்டறையிலிருந்து வந்த கைத்தொழில்காரர்தான் அவரும், ராஜா வீட்டு ஓவியர் இல்லை. கல்கத்தாவின் 12 காட்சிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்று, அந்தப் பணத்தில் வட இந்தியா முழுவதும் சுற்றினார்கள். 1791-ல் திரும்பியபோது கையில் ஏகப்பட்ட படங்கள் இருந்தன, அடுத்த பயணத்துக்குப் பணம் இல்லை. ஒரு படத்தை விலை பேசி விற்பதற்கு எவ்வளவு காலம் காத்திருப்பது? சுமார் 150 எண்ணெய் ஓவியங்களை வைத்து லாட்டரி அறிவித்தார்கள்.

அந்தப் பணத்தில்தான் 1792-ல் சென்னைக்குக் கப்பல் ஏறினார்கள். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சாவூர், மதுரையில் திருமலை நாயக்கர் மகால், பாபநாசம், குற்றாலம் என்று நீங்கள் இன்று அச்சில் பார்க்கிற படங்களின் பின்னால் கல்கத்தாவில் யாரோ வாங்கிய சீட்டுகள் இருக்கின்றன. 1793 தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பி, தெற்கில் வரைந்தவற்றை வைத்து இங்கேயும் ஒரு லாட்டரி நடத்தினார்கள். பிறகு இங்கிலாந்து போய் 144 படங்கள் கொண்ட பெரிய தொகுப்பாக இந்தியக் காட்சிகளை வெளியிட்டார்கள். அந்தக் காலத்து லாட்டரிகளால் நடந்த நல்ல காரியம் எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த அருவிகள், அந்தக் கோபுரங்கள் அன்று எப்படி இருந்தன என்பதற்கு இவ்வளவு அக்கறையான ஒரு பதிவு நமக்கு வேறு வழியில் கிடைத்திருக்குமா?

பெரிய பரிசு விழுந்த யாராவது ஒருவரைப் பற்றிச் சொல்லுங்களேன்.
– வாசகி, கும்பகோணம்

சார்லஸ் வெஸ்டன். 1731-ல் கல்கத்தாவிலேயே பிறந்த ஆங்கிலோ இந்தியர். ஹால்வெல் என்ற டாக்டரிடம் உதவியாளராக இருந்து, பிறகு வியாபாரத்தில் இறங்கி முன்னுக்கு வந்தவர். 1775-ல் மகாராஜா நந்தகுமாரைத் தூக்குக்கு அனுப்பிய வழக்கில் ஜூரிகளில் ஒருவராக உட்கார்ந்தவரும் இவர்தான். அந்தத் தீர்ப்பு எவ்வளவு அநியாயமானது என்று இன்றும் வங்காளத்தில் பேசுகிறார்கள், அந்தக் கறை இவர்மேலும் இருக்கிறது.

இவருக்கு விழுந்த பரிசு ஒரு முழுச் சந்தை! வெனிஸ் பக்கத்திலிருந்து வந்த எட்வர்ட் டிரெட்டா என்பவர் கல்கத்தாவில் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் மேற்பார்வையாளராக இருந்தார், சொந்தமாக ஒரு பஜாரும் வைத்திருந்தார். கடன் கழுத்தை நெரித்தபோது அந்தப் பஜாரை லாட்டரிக்கு விட வேண்டியதாயிற்று. கடைகளும் மாத வாடகையும் சேர்ந்த அந்தச் சொத்து வெஸ்டனுக்கு அடித்தது. சொத்துக்காரர் மாறியும் பெயர் மாறவில்லை, இன்றைக்கும் அது டிரெட்டா பஜார்தான்.

வெஸ்டன் மாதம் 1,600 ரூபாயை ஏழைகளுக்குத் தன் கையாலேயே கொடுத்து வந்தார் என்று பழைய குறிப்புகளில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது சாதாரணத் தொகை இல்லை. 1809-ல் இறந்தார். போ பஜார் பக்கத்தில் அவர் பெயரில் தெரு இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் எனக்கு டிரெட்டாவைப் பற்றித்தான் யோசனை போகிறது. ஒருவருக்கு அதிர்ஷ்டம் என்று பத்திரிகையில் வருவது, பெரும்பாலும் இன்னொருவரின் திவாலில் தொடங்கியிருக்கிறது.

எங்கள் ஊரில் பாத்திரக்கடை, துணிக்கடைக்காரர்கள் குலுக்கல் சீட்டு நடத்துவார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?
– வாசகர், மதுரை

உறவு உண்டு, ஒன்று இல்லை. குலுக்கல் சீட்டில் பரிசு விழுந்தவர் மேற்கொண்டு பணம் கட்ட வேண்டாம், விழாதவருக்குக் கடைசியில் கட்டிய பணத்துக்கு அண்டாவோ குத்துவிளக்கோ கிடைத்துவிடும். கல்கத்தா லாட்டரியில் விழாதவர் கையில் இருப்பது வெறும் காகிதம். அப்புறம், நம் ஊர்ப் பரிசுச் சீட்டுகளுக்கு 1978-லேயே மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. சேருவதற்கு முன் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அண்ணா காலத்தில் சொன்னது போல, கல்கத்தா லாட்டரியாலும் ஊருக்கு நன்மைதானே? பிறகு ஏன் குறை சொல்ல வேண்டும்?
– கல்லூரி மாணவர், சென்னை

1968-ல் தமிழ்நாடு லாட்டரி தொடங்கியபோது சொன்ன வாசகம் அது. 2003-ல் தடை வந்தபோது, அந்த வாசகத்தை நம்பிக் கூலியில் பாதியைச் சீட்டுக்குக் கொடுத்த குடும்பங்கள் எத்தனை என்று பேசாத வீடில்லை. சரி, கல்கத்தாவுக்கு வருவோம்.

நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1803-ல் கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி ஊரைச் சீர்படுத்த வேண்டும் என்று நீண்ட குறிப்பு எழுதினார், அதையொட்டி கமிட்டிகள் வந்தன, கடைசியில் 1817-ல் லாட்டரி கமிட்டி என்ற பெயரிலேயே ஒரு கமிட்டி. முந்தைய லாட்டரிகளில் மிஞ்சிய பணமும் புதிய லாட்டரிகளின் வருமானமும் அதன் கைக்கு வந்தன. சுமார் 20 வருஷத்தில் அது செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. வடக்கு தெற்காக ஒரு நெடுஞ்சாலை: கார்ன்வாலிஸ் தெரு, காலேஜ் தெரு, வெலிங்டன் தெரு, வெல்லஸ்லி தெரு என்று ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடியது. வழியில் சதுக்கங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் குடிதண்ணீருக்குக் குளம். ஆற்றங்கரையில் ஸ்ட்ராண்ட் சாலை. ஊருக்கு விரிவான வரைபடம் ஒன்றும் தயாரிக்கச் சொன்னார்கள். காலரா வந்து மனிதர்கள் கொத்துக்கொத்தாகச் செத்த காலத்தில் நல்ல தண்ணீர்க் குளம் என்பது எவ்வளவு பெரிய காரியம்!

ஆனால் அந்தச் சாலை ஓடிய இடத்தில் அதற்கு முன் என்ன இருந்தது? குடிசைகள். கூலிகளும் கைத்தொழில்காரர்களும் குடியிருந்த இடங்கள். ஆற்றங்கரை ஆக்கிரமிப்பை அகற்றுகிறோம், ஊரைச் சுத்தம் செய்கிறோம் என்று அவற்றைப் பிரித்துப் போட்டு, அந்த மக்களை ஊரின் விளிம்புக்குத் தள்ளினார்கள். சீட்டு வாங்கியவர் விரும்பி வாங்கினார், தோற்றாலும் அது அவர் முடிவு. பிய்த்தெறியப்பட்ட குடிசைக்காரர் எந்தக் குலுக்கலிலும் சேரவில்லை, அவரை யாரும் கேட்கவுமில்லை. என் குறை இதுதான். வங்காளத்திலிருந்து கோடிகோடியாக வரி வசூலித்த ஓர் ஆட்சி, அதே வங்காளத்தின் தலைநகரில் ஒரு குளம் வெட்ட, மக்களின் ஆசையைக் காசாக்க வேண்டியிருந்தது என்பதை என்னால் நிர்வாகத் திறமை என்று பாராட்ட முடியவில்லை.

எப்போது நின்றது?
– வாசகர், புதுச்சேரி

இங்கிலாந்திலேயே 1826-ல் கடைசி அரசு லாட்டரி நடந்து முடிந்துவிட்டது. சூதாட்டத்தில் நல்ல காரியம் செய்யக்கூடாது என்ற கருத்து அங்கே வலுத்தது, அந்தக் காற்று இங்கேயும் வீசியது. 1836-ல் லாட்டரி கமிட்டி கலைந்தது. 1844-ல் அரசு அனுமதி இல்லாத லாட்டரிகள் எல்லாவற்றையும் தடுக்கும் சட்டம் வந்ததும், கடைக்காரர்கள் பத்திரிகையில் திட்டம் போட்டு வீட்டையும் வைரத்தையும் குலுக்கிய காலம் முடிந்தது. 1870-ல் லாட்டரி அலுவலகம் வைப்பதையே குற்றமாக்கி இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவைச் சேர்த்தார்கள்.

அடுத்த மாதம் கொல்கத்தா போகிறோம். இதில் எதையெல்லாம் நேரில் பார்க்கலாம்?
– வாசகி, திருப்பூர்

நிறைய இருக்கிறது, பெயர்கள்தான் மாறிவிட்டன. கார்ன்வாலிஸ் தெரு இப்போது பிதான் சரணி. வெலிங்டன் சதுக்கம் ராஜா சுபோத் மல்லிக் சதுக்கம். வெல்லஸ்லி தெரு ரஃபி அகமது கித்வாய் சாலை. காலேஜ் தெரு அதே பெயரில்தான் இருக்கிறது. பழைய புத்தகக் கடைகளுக்காக எப்படியும் போவீர்கள், அப்படியே பக்கத்துக் குளத்தையும் பாருங்கள், இப்போதும் பிள்ளைகள் அதில் நீச்சல் பழகுகிறார்கள். கார்ன்வாலிஸ் சதுக்கத்துக் குளத்துக்கு ஹெதுவா என்று கேட்டால்தான் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

டவுன் ஹால் உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்து செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கு நடந்தே போகலாம். உள்ளே ஸோஃபனியின் படத்தை நிதானமாகப் பாருங்கள். டிரெட்டா பஜாருக்குப் போவதென்றால் மட்டும் விடியற்காலையில் கிளம்புங்கள். போத்தார் கோர்ட் பக்கம் சீனக் குடும்பங்கள் தெருவோரத்தில் விற்கிற காலைப் பலகாரம் வெயில் ஏறுவதற்குள் தீர்ந்துவிடும், ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டமும் வகையும் அதிகம்.